ன் அல்ல, ள்

பெரியவனுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். ஆயுள் முழுக்க லிஃப்ட் ஓட்டியவன் கை வேறு எப்படிப் போகும்? 'அன்புள்ள' என்று எழுதத் தெரியாமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. முதியோருக்கான மாலை வகுப்பில் அதை முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தில் அதைப் போட மனம் வரவில்லை.

கோபத்தை எழுதுவது இவ்வளவு சந்தோஷமான காரியம் என்று இத்தனை வயதுவரை எனக்குத் தெரியாமல் போயிற்று. வாயால் திட்டினால் பாதியில் இருமல் வந்துவிடும். உன் அம்மா இருந்தபோது "போதும், அவன் சாப்பிடட்டும்" என்று நடுவில் வந்து நிற்பாள். தாளில் யாரும் குறுக்கே வர முடியாது. 'வெட்கம்' என்ற சொல்லை இப்போதுதான் முதல்முறை தப்பில்லாமல் எழுதினேன். அழகாக வந்திருக்கிறது, பார்.

இங்கே சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. எனக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. உன் தங்கை நன்றாக இருக்கிறாள் என்று எழுதலாம், ஆனால் பொய் எழுதவா எழுத்து கற்றேன்? அவள் கணினியைத் துணி போட்டு மூடிவிட்டு, அலமாரியில் இருக்கும் டப்பாக்களை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைக்கிறாள். மறுநாள் அதே டப்பாக்களை மறுபடியும் துடைக்கிறாள். ஏன் என்று உனக்குத் தெரியும்.

வீடியோ கேம் தொழில்காரர்கள் கூடும் கண்காட்சி இந்த வருஷம் மண்டபத்தில் இல்லை, கணினிக்குள்ளேதான் என்றதும் எனக்கு ஒரே குஷி. பஸ் ஏற வேண்டாம், செருப்புகூட வேண்டாம். உன் தங்கை எனக்கும் ஒரு பொம்மை உருவம் செய்து, என் பழைய காக்கிச் சட்டையை அதற்குப் போட்டு, உள்ளே அனுப்பினாள். கூடம் கூடமாக நடந்தேன். ஒவ்வொரு அரங்கின் பெயர்ப் பலகையையும் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்துப் படித்து உன் அரங்குக்கும் வந்தேன். விளையாட்டின் பெயர் 'லிஃப்ட்காரர்', அடியில் 'உருவாக்கம்:' என்று போட்டு உன் பெயர் இருந்தது. அதற்குக் கீழே இன்னும் ஏதோ இருக்கும் என்று தேடினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தேடினேன். ஒன்றுமில்லை.

அரங்கின் மேடைத் திரையில் நீ பேசிக்கொண்டிருந்தாய். "சின்ன வயசுல அப்பாகூட லிஃப்ட்லயே உக்காந்திருப்பேன்" என்றாய். அடேயப்பா! உன் சிநேகிதன் வீடு நான் வேலை பார்த்த கட்டடத்தில் ஏழாவது மாடி. லிஃப்டில் நான் இருக்கிறேன் என்று ஏழு மாடியும் படியில் ஏறியவன் நீ. கேட்டால் காலுக்கு நல்லது என்றாய். ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஏறுகிறவர்களின் செருப்பைப் பார்த்துப் பார்த்துப் படம் போட்டவள் உன் தங்கை. அந்தச் செருப்புகள்தான் இன்றைக்கு விளையாட்டில் ஏறி இறங்குகின்றன.

அதோடு விட்டாயா? விளையாட்டில் லிஃப்ட்காரர் கண்ணுக்கு எழுத்தெல்லாம் கொடியில் காயும் துணி மாதிரி தெரியுமே, அது உனக்கே தோன்றிய யோசனை என்றாய். பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒரு நாள் அவள் கேட்டாள்: "அப்பா, படிக்கத் தெரியாதப்போ எழுத்தைப் பார்த்தா எப்படி இருந்துச்சு?" "அடுத்த வீட்டுத் துணி மாதிரி இருந்துச்சும்மா. காயுதுன்னு தெரியும், யாரோடதுன்னு தெரியாது" என்றேன். ஈரக் கையோடு ஓடிப்போய் வரைந்தாள். நீ அப்போது எங்கே இருந்தாய்?

இனி என் தப்புக்கு வருகிறேன். உன் அரங்கில் வந்தவர்கள் கருத்து எழுதும் இடம் ஒன்று இருந்ததல்லவா? நாலு பேர் பார்க்க நான் எழுதிய முதல் வாக்கியம் அங்கேதான். வேர்க்க வேர்க்க ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். 'இதைச் செய்தது என் மகள்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ன், ள் இரண்டும் ஒரே வரிசையில் கிடக்கின்றன, விரல் தள்ளிப் பட்டுவிட்டது. 'இதைச் செய்தது என் மகன்' என்று போய்விட்டது.

உடனே கைதட்டல் படங்கள் மழையாகக் கொட்டின. நீ கும்பிடும் கை ஒன்றைப் போட்டு, "நன்றிப்பா, எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்று எழுதினாய். இந்தக் கிழவன் கைத் தடுமாற்றத்தைச் சாட்சியாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். நான் பதறிப்போய் 'தப்பு. மகன் இல்லை' என்று அனுப்பினேன். அதை நீ எப்படிப் படித்தாயோ தெரியாது. அடுத்த சொல்லுக்கு ள் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே என் காக்கிச் சட்டைப் பொம்மை வாசலுக்கு வெளியே நின்றது. 'இந்த அரங்கில் உங்களுக்கு அனுமதி இல்லை' என்று திரையில் வந்தது. அதை நிறுத்தாமல் ஒரே மூச்சில் படித்தேன். படித்து முடித்ததும் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அர்த்தம் புரிந்தது.

தன் பெயர் எங்கே என்று உன் தங்கை போனில் கேட்டதற்கு "கூட்டத்துக்கு ஒரு முகம் போதும்" என்றாயாம். என் போனை நீ எடுக்கவே இல்லை. அதனால்தான் தாள். தாளை வெளியே தள்ளும் பொத்தான் உன்னிடம் இல்லை.

இந்தக் கடிதம் யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். "வேண்டாம்பா, விடுங்க. அண்ணன்தானே" என்றாள். அந்த 'தானே'தான் எனக்குத் தாங்கவில்லை.

கண்காட்சி இந்த மாதக் கடைசிவரை திறந்திருக்கும் என்கிறார்கள். மூடும்போது பலகையில் யார் பெயர் இருக்கிறதோ, அதுவே விளையாட்டோடு கடைக்குப் போகுமாம், பிறகு மாற்ற முடியாதாம். உன் பெயரை எடு என்று நான் சொல்லவில்லை. நீயும் அலைந்தாய், பேசினாய், அந்தத் திறமை அவளுக்குக் கிடையாது. மேலே அவள் பெயரைப் போடு, கீழே உன் பெயர் இருக்கட்டும். நான் வெளியேதான் நிற்கிறேன். வாசலிலிருந்து பார்த்தாலே பலகை தெரிகிறது, இப்போது எனக்குப் படிக்கவும் தெரியும்.

விட்டுப்போன எழுத்தைக் கையால் எழுதுகிறேன். இதில் விரல் தள்ளிப் படாது: இதைச் செய்தது என் மகள். மகள். மகள்.

வேளைக்குச் சாப்பிடு. கண் விழிக்காதே. திட்டுகிறவனும் இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அடுத்த வாரமும் எழுதுவேன். 'அன்புள்ள' என்று தொடங்குவதா வேண்டாமா என்பதைப் பலகையைப் படித்துவிட்டு முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கையின் அப்பா