ஃபேனுக்குக் கீழே ஒரு காலி நாற்காலி

அம்மாவைப் போலவே பிடிவாதம் பிடிக்கும் மகளுக்கு,

உன் நச்சரிப்பு தாங்காமல்தான் அந்த மனநல ஆலோசகரிடம் போனேன். மனுஷர் எனக்கு எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, "உங்க மனைவி இதுல உக்காந்திருக்காங்கன்னு நினைச்சுப் பேசுங்க சார்" என்றார்.

"அவ இங்க உக்கார மாட்டா. மேல ஃபேன் சுத்துதே, தும்மல் வந்துரும்."

நாற்காலியை மூலைக்கு நகர்த்தினார். "அங்கயும் காத்து அடிக்கும்" என்றேன். பாவம், எழுந்துபோய் ஃபேனையே நிறுத்திவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "இங்கயும் வந்து சாதிச்சுட்ட இல்ல? நான் வெந்து சாகணுமா?" என்று நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து பாக்கியிருந்த ஃபேன் சண்டை முழுவதையும் போட்டுத் தீர்த்தேன். ஆலோசகர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். வியர்வை துடைக்கத்தான் எடுத்தேன். பாதிப் பெட்டி காலி.

அவள் கண்ணை மூடியதிலிருந்து, கேட்க ஆளில்லை என்று ஃபேனை முழு வேகத்தில் விட்டுவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தேன். நேற்று அதை நிறுத்திவிட்டுப் படுத்தேன். ஒரே புழுக்கம். விடியும்வரை அசந்து தூங்கினேன்.

அடுத்த வாரமும் வரச் சொன்னார். கண்டிப்பாகப் போவேன். டிவி ரிமோட் சண்டை இன்னும் பாக்கியிருக்கிறது.

இப்படிக்கு,
வியர்வையில் நனைந்த உன் அப்பா