வயிற்றுவலி என்று சொன்னோம்

அக்கா,

இன்று காலை ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு சுவரில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. இருபத்து நான்கு வயது இருக்கும் அந்தப் பையனுக்கு. பைக்கில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறான். அரியலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னாச்சாம் பையனுக்கு?"

"வயித்துவலியாம். ரொம்ப நாளா இருந்துச்சாம்."

கேட்டவர் மற்றவர் முகத்தை ஒரு நொடி பார்த்தார். "ம்" என்றார். பிறகு பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குச் சில சமயம் என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். உலகத்திலேயே உங்களிடம்தான் முதலில் சொன்னேன்.

பெரம்பலூரில் நர்சிங் படித்துவிட்டு, முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காக ஜப்பானில் அந்தச் சிறிய ஊருக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. நீங்கள் அங்கே பன்னிரண்டு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தீர்கள். முதல் நாள் நீங்கள் என் கையைப் பிடித்து, ஒரு கிழவரின் முதுகுக்குக் கீழே எங்கே வைத்துத் தூக்க வேண்டும் என்று காட்டினீர்கள். எங்கள் ஊரில் மூத்தவளை எப்படிக் கூப்பிடுவோம் என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அக்கா. நாம் பேசியதெல்லாம் உங்கள் மொழியில்தான். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் நீங்கள் எங்கள் விக்கிரமங்கலத்துப் பேச்சில் பேசியதாகத்தான் காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

நம் இருவரிடமும் ஆளுக்கொரு பொய் இருந்தது. உங்கள் கணவர் வேறு ஊரில் வேலையாக இருக்கிறார், எப்போதாவதுதான் வருவார் என்று சொல்லியிருந்தீர்கள். அந்த நாட்டில் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாக வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் நிறைய என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் அண்ணன் வயிற்றுவலியில் செத்துப்போனான் என்று நான் சொல்லியிருந்தேன். நீங்கள் அதற்குத் தலை குனிந்து வருத்தம் தெரிவித்தீர்கள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவது வருடக் குளிர்காலத்தில் என்னால் எழுந்திருக்க முடியாமல் போனது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பல் தேய்ப்பதே மலையைப் புரட்டுவது போல இருந்தது. சோற்றைப் பார்த்தால் வாய் திறக்கவில்லை. வேலையில் ஒரு பாட்டிக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணில் தண்ணீர் வழிந்தது எனக்கே தெரியவில்லை. பாட்டிதான் துடைத்துவிட்டாள். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் என் தோளைத் தொட்டு "கமன்" என்றீர்கள். பொறுத்துக்கொள் என்று பொருள். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சொல்வார்கள், பிரசவ வலியில் இருப்பவளுக்கும் சொல்வார்கள். பொறுத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் மதியம் நீங்கள் என் அறைக்கு வந்தீர்கள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தீர்கள். நீங்கள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"அந்த வார்த்தைய நான் ஒங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது. கெளம்பு, டாக்டர்கிட்ட போவம்."

"ஆபீஸுக்குத் தெரிஞ்சா என்னைய ஊருக்கு அனுப்பிடுவாங்கக்கா."

"அதனாலதான் மூணு ஸ்டேஷன் தள்ளி ஒரு டாக்டரப் பாத்து வச்சிருக்கேன். இந்த ஊரு ஆளு யாரும் அங்க வர மாட்டாங்க."

ஸ்டேஷனில் ரயில் வரவில்லை. வழியில் விபத்து, தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது. யாரோ தானாகவே உயிரை விட்டிருக்கிறார் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள், சிலர் செல்போனில் வேலை இடத்துக்குத் தகவல் சொன்னார்கள். நம் பக்கத்தில் நின்றவர் "இந்த நேரத்துலயா" என்று முணுமுணுத்தார். நீங்கள் சட்டென்று அவர் பக்கம் திரும்பித் தலை குனிந்து, "மன்னிச்சுக்கங்க" என்றீர்கள். அவர் குழம்பிப்போய்த் தள்ளி நின்றார். எனக்கும் புரியவில்லை.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னீர்கள். உங்கள் கணவர் வெளியூரில் இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன்பு, நீங்கள் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

"ஆறு மாசமாத் தூக்கமில்ல அவருக்கு. ஒரு நாள் காலையில ஷூவ மாட்டிக்கிட்டு வாசல்ல ஒக்காந்தாரு. எந்திரிக்க முடியலன்னாரு. பொறுத்துக்கங்கன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாரு."

அதன் பிறகு நடந்ததை அழாமல் சொன்னீர்கள். பலகாரப் பெட்டி வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், தொந்தரவு கொடுத்துவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் வீடு வீடாக மன்னிப்புக் கேட்க, அவர்களும் அதை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். சாவுக்கு வந்த அவருடைய மேலதிகாரி, கடைசி வரைக்கும் பொறுப்பான மனிதர் என்று சொல்லி வணங்கினாராம்.

"பாராட்டுறாரா, என்ன சொல்றாருன்னே எனக்கு வெளங்கல. அந்தக் காலத்துல அப்படிச் சாவுறத மானமுன்னு சொன்னாங்க. அது இன்னும் எங்கேயோ ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆனா நோய்னு சொன்னா மட்டும் வாயப் பொத்துறாங்க."

ரயில் வந்தது. டாக்டர் வீட்டுப் பலகையில் மனநோய் என்ற சொல்லே இல்லை, அக்கா. காத்திருக்கும் அறையில் ஏழெட்டுப் பேர், ஒருவரை ஒருவர் பார்க்காதபடி எல்லா நாற்காலியும் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. நாம் போய் உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நம் முதியோர் இல்லத்தின் மேலாளர் உட்கார்ந்திருந்தார்! அவரும் அதே கணக்குப் போட்டு மூன்று ஸ்டேஷன் தள்ளி வந்திருக்கிறார். மூன்று பேரும் எழுந்தோம், மூன்று பேரும் தலை குனிந்தோம், உட்கார்ந்தோம். அடுத்த வாரம் என் பெயர் இரவு வேலைப் பட்டியலில் இல்லை. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உள்ளத்துக்குச் சளி பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். அங்கே அப்படிச் சொல்வது வழக்கமாம், யாரும் பயந்துவிடக் கூடாது என்று. வெளியே வந்ததும் உங்களுக்கு வந்த கோபம்!

"சளியாம்ல சளி! எங்க வூட்டுக்காரரு சளியிலயா போனாரு?"

நான் பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்தது அழுகையாக மாறியது. ரோட்டோரத்திலேயே அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். டவுனில் செல்போன் கடையில் வேலை பார்த்தவன், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்தியதை, அம்மா கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியதை, சொந்தக்காரர்கள் சோம்பேறி என்றதை. "ஏண்ணே இப்படி மொடங்கிக் கெடக்குற, ஊரே சிரிக்குது" என்று நானும் சொன்னதை. அவனும் தன் உயிரை முடித்துக்கொண்ட பிறகு மேளம் இல்லாமல், சொந்தங்கள் வந்து சேரும் முன்பே அவசரமாக எடுத்துப்போனதை. வயிற்றுவலி என்று எல்லாரிடமும் சொன்னதை.

நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "அவரு பேரு என்ன?"

செந்தில் என்றேன். 'ல்' வராத உங்கள் நாக்கு "செந்திரு, செந்திரு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தது. அவன் போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது.

மாத்திரை வேலை செய்தது. வசந்தத்தில் சாப்பிட ஆரம்பித்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பினேன். போன வருடம் நீங்கள் நுரையீரல் நோயில் இறந்துவிட்டதாக உங்கள் மகள் எழுதியிருந்தாள். படித்ததும் முதலில் எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. நம் பழக்கம் அப்படி. போன் போட்டு, அது உண்மையான காரணம்தானா என்று கேட்டேவிட்டேன். "உண்மைதான். அம்மாவே சொல்லியிருந்தாங்க, நீங்க கேப்பீங்கன்னு" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் போனேன். கொல்லையில் முந்திரிக்கொட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அண்ணனுக்கு வயித்துவலின்னு அப்பா எதுக்குச் சொன்னாரு?"

அம்மா நிமிரவில்லை. கை மட்டும் கொட்டைகளைப் பரப்பிக்கொண்டே இருந்தது.

"ஒங்கப்பா சொல்லலடி. நாந்தான் சொன்னேன். புத்தி சரியில்லாம போனான்னு தெரிஞ்சா ஒன்னைய யாரு கட்டிக்குவா? போனவன் போயிட்டான், இருக்குறவளயாவது காப்பாத்துவம்னு நெனைச்சேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "செந்திலுக்கு முந்திரிப்பழம்னா உசுருல்லம்மா" என்றேன். பெயரைக் கேட்டதும் அவள் கை நின்றது. பிறகு பேச ஆரம்பித்தாள். இருட்டும் வரை அவனைப் பற்றியே பேசினாள். நல்லதும் பேசினாள், கெட்டதும் பேசினாள்.

இப்போது அரியலூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்த பிறகு, "மனசு எப்படிங்க இருக்கு?" என்று எல்லாரையும் கேட்கிறேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். பெரும்பாலும் "நல்லாத்தாங்க இருக்கு" என்று எழுந்து போய்விடுவார்கள். போன மாதம் உடையார்பாளையத்திலிருந்து வந்த ஒருவர் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார்.

"செத்துப்போயிடணும்னு தோணுதுங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

தலையை ஆட்டினார். நான் எழுந்து போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அவர் மனைவியை வரவழைத்து, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மனநல டாக்டரிடம் நானே போனேன். அங்கே பலகையில் மனநலம் என்று கொட்டை எழுத்தில்தான் எழுதியிருந்தது. அவர் வாசலில் தயங்கினார். "நானும் மாத்திரை சாப்ட்டவதாங்க" என்றேன். உள்ளே வந்தார்.

இன்று மத்தியானம் அவர் மறுபடி வந்தார், அக்கா. மாத்திரை போட்டால் வாய் காய்கிறதாம், தூக்கம் தூக்கமாக வருகிறதாம், டாக்டர் சரியாகப் பேசுவதே இல்லையாம். நின்றுகொண்டே பத்து நிமிடம் குறை சொன்னார். நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்து சொல்லுங்கள் என்றேன்.

"வராம எங்கங்க போவப் போறேன்" என்று சலித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கிளம்பினார்.