பொத்தானிலிருந்து எடுத்த விரல்

துபாய்

அன்புள்ள அம்மாவுக்கு அஜிஷாவின் ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

மேடையில் ஆளுயரத்துக்குத் தீ பீறிட வைக்கும் மெஷின் இப்போது என் பொறுப்பு. நேற்று ஒத்திகையில் நான் பொத்தானை அழுத்தப்போகும் நேரம், ஆடிக்கொண்டிருந்த ஒருத்தி மெஷினுக்கு நேரே வந்துவிட்டாள். சட்டென்று விரலை எடுத்துவிட்டு, என்னையறியாமல் "ஏட்டி, தள்ளி நில்லு!" என்று கத்தினேன். இந்த ஊரில் நம்மூர்ப் பேச்சு யாருக்குப் புரியும்? அவளோ துள்ளி விலகினாள்! பிறகு என்னிடம் ஓடிவந்தாள்.

"எந்த ஊருட்டி நீ?"

"கருங்கல்."

"நான் மார்த்தாண்டமாக்கும்!"

பக்கத்துப் பக்கத்து ஊர்! கட்டிப்பிடித்துச் சிரித்தோம். பெயர் ஜெபிஷா. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

இங்கு வந்த எட்டு மாதத்தில் நேற்றுதான் வாய் நிறையப் பேசினேன். முந்திரிக்கொத்து கொடுத்துவிடும்போது இரண்டு பேருக்காக வையுங்கள். ஒத்திகைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. அவள் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.

உங்கள் மகள்
அஜிஷா