பத்து நொடி, முப்பது நொடி

ஆகஸ்ட் 17, ஞாயிறு
இனி நானாக விஜி அக்காவைக் கூப்பிடப் போவதில்லை. ஞாயிறுதோறும் நான்தான் கூப்பிடுகிறேன். நேற்று அவளே கூப்பிட்டாள் — திருப்போரூர் முருகன் கோயில் வாசலிலிருந்து, இரண்டே நிமிடம். "பஸ்ஸு வந்துகினு கீது, வெச்சிடறேன்டி." செங்கல்பட்டிலிருந்து அவ்வளவு தூரம் வந்தவளுக்குப் பக்கத்திலிருக்கும் கேளம்பாக்கம் வந்து என்னைப் பார்க்கத் தோன்றவில்லை. அம்மாவுக்குப் பிறகு எனக்கு அவள்தான். அவளுக்கு நான் யார்? பார்ப்போம்.

ஆகஸ்ட் 24
அக்கா கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 31
இன்றும் இல்லை. ஆபீசில் எங்கள் ரவுட்டர்கள் பத்து நொடிக்கொரு தடவை பக்கத்து ரவுட்டருக்கு ஹலோ சொல்லும். யார் யாருடைய ஹலோ தனக்குக் கேட்டது என்ற பெயர்களும் அதில் இருக்கும். தன் பெயரை அதில் பார்த்தால்தான் உறவென்று ஒப்புக்கொள்ளும். தொடர்ந்து நான்கு ஹலோ வராவிட்டால், பக்கத்து ரவுட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டி எல்லோருக்கும் சொல்லிவிடும். ஒவ்வொன்றும் தன் வரைபடத்தில் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, மிச்சமிருப்பதில் கிட்டத்து வழியைக் கணக்குப் போடும்.
எனக்கு மிச்சம் எது?

செப்டம்பர் 7
பதினேழாம் தேதியோடு சேர்த்து நான்கு ஞாயிறு. அவள் எண்ணை பிளாக் செய்துவிட்டேன். சாம்பார் வைத்தேன், சாப்பிடவில்லை.

செப்டம்பர் 24, புதன்
மாமல்லபுரம். ஒரு ஹோட்டலில் புது ரவுட்டர் பழையதோடு சேரவே இல்லை. "கேபிளு நல்லாத்தான் கீது பிரதீபா மேடம், ரெண்டு பொட்டியும் எரிஞ்சிகினு கீது, அப்பறம் இன்னா பேஜாரு?" என்றார் எலெக்ட்ரீஷியன் திருவேங்கடம். பார்த்தால், ஹலோ சொல்லும் இடைவெளி ஒன்றில் பத்து நொடி, மற்றதில் முப்பது. இந்த எண் ஒத்துப்போகாவிட்டால், வந்த ஹலோவைத் தூக்கிப் போட்டுவிடும்.
"அப்போ ரெண்டும் பேசிகினுதான் இருந்துச்சா?"
ஆமாம் என்றேன். பத்தை முப்பதாக்கினேன். கொஞ்ச நேரத்தில் சேர்ந்துகொண்டன.

பஸ்ஸில் பிளாக் பட்டியலைத் திறந்தேன். செப்டம்பர் 12, காலையில் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். காலண்டரில் அன்று கிருத்திகை, முருகனுக்கு உகந்த நாள். பழைய அழைப்புகளையும் பார்த்தேன். ஆகஸ்ட் 16, ஜூலை 20, ஜூன் 22 — அவள் கூப்பிட்டதெல்லாம் கிருத்திகை. ஒரு மாதம்கூட விட்டதில்லை. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! பிளாக்கை எடுத்தேன். கூப்பிட முகமில்லை.

அக்டோபர் 10, வெள்ளி
கிருத்திகை. லீவு போட்டுத் திருப்போரூர் போனேன். வரிசையில் எனக்கு நான்கு பேர் முன்னால் அக்கா. இளைத்திருந்தாள். அவள் முறை வந்ததும் அர்ச்சனைத் தட்டை நீட்டி, "பிரதீபா, பூச நட்சத்திரம்" என்றாள்.
"மாசாமாசம் இந்த ஒரு பேர்தானாம்மா?" என்றார் குருக்கள்.
"எனக்கு அவ ஒருத்திதான் சாமி."
வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் போனேன். எல்லோரும் திட்டினார்கள். திட்டட்டும்.