தையலோரத்தில் போன வார்த்தைகள்

கரமனை

அன்புள்ள பத்மப்ரியாவுக்கு,

இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஒருவழியாக நன்றாக இருக்கிறோம், நீயும் கௌசிக்கும் சௌக்கியமாக இருந்தால் அதுவே போதும். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, சொட்டு மருந்து விடத்தான் தினமும் சண்டை. போனில் சொன்னால் அவர் பக்கத்தில் இருந்துகொண்டு வேலையை விட்டுத் தள்ளு என்பார், அதனால் எழுதுகிறேன். எங்கள் வாசகசாலையில் பழைய தமிழ்ப் பத்திரிகைத் தொகுப்புகளை ஸ்கேன் செய்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா, பாதி முடிந்ததுமே செக்ரட்டரி நாகேஸ்வரன் ஸார் அந்தப் பாதியைப் பழைய பேப்பர்காரருக்கு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார். நான் அப்பாவோடு ஆஸ்பத்திரியில். திரும்பி வந்தால் பாதி அலமாரிகள் காலி. எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கே, இனிக் கரையான் பயமில்லை என்றார், எனக்கும் சரியாகத்தான் பட்டது.

போன வாரம் பகவதியம்மாள் என்று ஒரு மாமி வந்தார். காலமான அக்கா எழுதிய ஒரே கதை எங்கள் தொகுப்பில் இருக்கிறதாம். திரையில் எடுத்தேன். தடித்த தொகுப்பைச் சரியாக விரிக்காமல் படம் எடுத்திருக்கிறார்கள், பைண்டிங் தையலை ஒட்டிய வார்த்தைகள் வரிக்கு வரி காணவில்லை. அவருக்குப் பார்வை மங்கல், நான்தான் வாசித்தேன், விட்ட இடத்தில் எனக்குத் தோன்றியதைப் போட்டுக்கொண்டே போனேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, "போறும்மா, இது அக்கா பேசற மாதிரி இல்லையே" என்று எழுந்துவிட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள், ஸ்கேன் முடிந்த மிச்சத்துக்கும் வேன் வந்தது, அலமாரிச் சாவியைத் தரமாட்டேன் என்றேன். "வெறுதே பிரஸ்னம் உண்டாக்காதீங்கோ நாகலக்ஷ்மி" என்று, நான் வீண் வம்பு பண்ணுகிற மாதிரி, ஸார் கத்தினார். திரையை அவர் பக்கம் திருப்பி, நீங்களே அந்தக் கதையைச் சத்தமாக வாசியுங்கோ என்றேன். இரண்டு வரி தட்டுத்தடுமாறி வாசித்தார், அப்புறம் வேனைப் போகச் சொல்லிவிட்டார். மிச்சத் தொகுப்புகள் இருக்கட்டும், ஸ்கேனைப் பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்து, கெட்டதைத் திரும்ப எடுக்கலாம் என்று கமிட்டியும் சொல்லிவிட்டது. பார்ப்பது நான் ஒருத்திதான். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்குகிற இடம் வந்தது கூடத் தெரிவதில்லை. ஜெயித்த மாதிரியே இல்லை பத்மா. அந்த மாமியின் அக்கா கதை இருந்த தொகுப்பு முதல் வேனிலேயே போய்விட்டது, பேப்பர்காரரிடம் கேட்டேன், அரைக்கப் பேப்பர் மில்லுக்கு அனுப்பியாச்சு என்றார்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள் எப்போதும் உண்டு. பத்திரிகைப் பெயரையும் வருஷத்தையும் வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறேன், உங்கள் ஊர் யூனிவர்சிட்டி லைப்ரரியில் அந்தத் தொகுப்பு இருக்கிறதா என்று மறக்காமல் கேள். இல்லையென்றாலும் சொல்லிவிடு, மாமியை நான்தான் திரும்ப வரச் சொன்னேன், சனிக்கிழமை வருகிறார்.

உன் அம்மா
நாகலக்ஷ்மி