இளநீரை நிறுத்தச் சொன்னார்

ஐப்பசி 12, புதன்

இளநீரை நிறுத்தச் சொல்லிவிட்டார் முகப்பேர் டாக்டர். போன முறை அவர்தான் விளக்கினார். மூளையில் நரம்பு செல் வேலை செய்யும்போது அதன் சின்ன வாசல் வழியாகப் பொட்டாசியம் வெளியே வருமாம். அதை உணர்ந்துதான் பக்கத்தில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய் விரியுமாம். என் வீட்டுக்காரருக்கு அது விரிவதில்லையாம்; அதனால்தான் இந்த மறதியாம். நான் பொட்டாசியம் என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இளநீரில் அது நிறைய உண்டென்று இரண்டு மாதமாகத் தினமும் நாலு மணிக்கு அவருக்குக் கொடுத்தேன்.

"நீங்க குடுக்கிறது அங்க போய் வேலை செய்யாதும்மா. செல்லு கூப்பிடுது, குழாய்க்குத்தான் கேக்கல. இப்ப ரத்தத்துல பொட்டாசியம் ஏறிப்போச்சு. இதயத்துக்கு ஆபத்து" என்றார் டாக்டர் இன்று.

"அந்தக் குழாய்க்கு மருந்து?"

"இன்னும் வரலம்மா."

பஸ் பிடித்துக் கள்ளிக்குப்பம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இவர் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாமே, மணி நாலாச்சே. எளநி எங்க?"

இவருக்கு மகள் பெயர் மறந்துவிட்டது. இன்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததுகூட மறந்துவிட்டது. இந்த இரண்டு மாதத்தில் இவர் புதிதாக நினைவில் வைத்துக்கொண்டது இந்த நாலு மணி ஒன்றைத்தான்.

நாளைக்கும் கேட்பார்.