பேரல் தேய்ந்ததா, அழுக்கா

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தார்நாகா சிக்னலில் நன்றாக மாட்டிக்கொண்டேன். மல்லாபூர் தொழிற்சாலையில் பெயிண்ட் ஒரு பேட்ச் திரும்பி வந்தது. எரிச்சல்.

மனைவி பத்மா துப்பாக்கி சுடும் ரேஞ்சிலிருந்து முகம் தொங்க வந்தாள். தோள் பையைக்கூட இறக்கவில்லை. ஐம்பது மீட்டரில் படுத்துச் சுடுகிறவள். குண்டெல்லாம் ஒரே ஓட்டையில் போகும். இப்போது நடுவில் திடீரென்று ஒன்று தனியாக ஓடுகிறது. தோட்டாவை மாற்றியும் அப்படியே. கோச் தீர்ப்பே சொல்லிவிட்டாராம்: "பேரல் கயா, மேடம்."

துப்பாக்கிக் குழல் போனது என்றால் போனதுதான். புது பேரல் இந்த வருஷத்துக்குள் வராது. ஞாயிறு மாநில அணித் தேர்வு. போன இரண்டு தடவையும் மயிரிழையில் தவறியது. இந்தத் தடவையும் இல்லையென்றால் விட்டுவிடுவேன் என்றிருக்கிறாள். ப. சொன்னால் செய்கிறவள். அதுதான் பயம்.

"தேஞ்சிருக்கா, இல்ல அழுக்கான்னு மொதல்ல பாக்கலாம்."

"ஹவ், பாருங்க. வீட்டுலயே கெமிஸ்ட் சார் இருக்கும்போது என்ன கவலை?"

பிறந்து வளர்ந்தது செகந்திராபாத், ஆமாம் என்றால் 'ஹவ்', வேண்டாம் என்றால் 'நக்கோ'. கண் கலங்கியிருக்கும்போதும் கிண்டல் போகாது.

ஜூலை 9, புதன்

நல்ல மழை. துணி காயவில்லை. பேரலை எதைப் போட்டுக் கழுவுவது? யோசனை:

தின்னர் - கூடாது. ஒரு சொட்டு வழிந்தாலும் துப்பாக்கிக் கட்டையின் பாலிஷ் போச்சு. தினமும் நான் கலக்குகிற சரக்கு, எனக்குத் தெரியாதா.

அசிட்டோன் - எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கொண்டுபோகும். இந்த ஈரத்தில் துருதான்.

மண்ணெண்ணெய் - சாது. கரி ஊறும், விடுமா தெரியாது.

வினிகரும் பெராக்சைடும் - யூடியூப் மேதாவி ஒருவரின் உபயம். ஈயம் கரையும், கரைந்தது விஷம். சமையலறைப் பக்கமே வரக்கூடாது.

ப. எப்போதும் வைத்திருக்கும் துப்பாக்கி சால்வென்ட் - ரொம்ப மெது.

அம்மோனியா கலந்த சால்வென்ட் ஒரு பாட்டில், ரேஞ்ச் நண்பரிடம் இரவல். திறந்தால் மூக்கு எரிகிறது. இதுதான் சரி.

ப.வின் வீட்டுச் சட்டம்: பின்பக்கத்தைப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி வேறு அறையில் வைத்த பிறகே துப்பாக்கி மேஜைக்கு வரும். உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்ப்பாள், விரல் நுனியால் தொட்டும் பார்ப்பாள். லைசன்ஸ் அவள் பேரில், அவள் இல்லாமல் நான் தொடக்கூடாது. எவ்வளவு அசதியிலும் இதில் ஒன்றை விட்டதில்லை. நான் சமையல் கேஸை மூடவே மறக்கிற ஆள்.

ஜூலை 10, வியாழன்

ஆபீஸிலிருந்து வந்ததும் அம்மோனியா. பேரல் துடைக்கும் ராடின் நுனியில் பித்தளை முனை, அதில் நனைத்த பனியன் துணி, பின்பக்கமிருந்து உள்ளே. துணி நீலமாக வந்தது! மறுபடி விட்டேன். மறுபடியும் நீலம்! தாமிரம் பட்டால் அம்மோனியா நீலமாகும், பள்ளிக்கூடப் பாடம். அழுக்குதான், பேரல் தேயவில்லை என்று கத்திவிட்டேன். மகள் நிலா, "நான்னா, வாசன!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள். எத்தனை தமிழில் பேசினாலும் பதில் தெலுங்கில்தான்.

ப. துணியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.

"நம்ம குண்டு ஈயம். பேரல் எஃகு. தாமிரம் எங்கேர்ந்து வந்துது?"

நான் துணியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"ராடு நுனியப் பாருங்க."

பித்தளை முனை புதுசு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் நான் கரைத்தது அதைத்தான். பித்தளையில் பாதிக்குமேல் தாமிரம் என்று எனக்கா தெரியாது? வங்கியில் லோன் ஃபைல் பார்க்கிறவள் பிடித்துவிட்டாள். வெட்கம்தான், ஆனால் பெருமை அதைவிட அதிகம். செவ்வாய்க்குப் பிறகு இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஜூலை 11, வெள்ளி

அம்மோனியாவைச் சுத்தமாகத் துடைத்தாயிற்று. இனி அவளுடைய மெதுவான சால்வென்ட். அவளே செய்தாள், நான் துணி வெட்டிக் கொடுத்தேன். ராடு நேராகப் போக ஒரு பிளாஸ்டிக் குழாய். குழலின் வாய்ப்பக்கத்தைத் தாழ்த்தி வைத்தாள், டிரிகர் பக்கம் ஒரு சொட்டு போகக்கூடாது. துணி முன்னால் வந்து விழுந்த பிறகே ராடைப் பின்னுக்கு இழுப்பாள். ஊற விட்டு, தோசை வார்க்கப் போனாள். அவசரமே கிடையாது. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் ராடு தடங்கியது. அங்கே மட்டும் பிரஷ். அடுத்த துணியில் கறுப்புக் கூழ், நடுவே ஈயப் பொடி மினுமினுப்பு. கெட்டிப்பட்ட கரி வளையம். வில்லன் இதுதானா, நாளை தெரியும்.

துணி இன்னும் சாம்பல் நிறம். வெள்ளையாக வரும்வரை விடலாமே என்றேன்.

"நக்கோ. வெள்ளத் துணிக்கா மெடல் தராங்க?"

ஜூலை 12, சனி

ரேஞ்ச். மழை விட்டிருந்தது. பின்னால் பெஞ்சில் நான், கையில் பைனாகுலர். முதல் குண்டுகள் கண்டபடி ஓடின. ப. அசையவில்லை. கழுவிய பேரலில் குண்டின் மெழுகும் ஈயமும் லேசாகப் படிகிறவரை அப்படித்தான் ஓடும் என்று காரிலேயே சொல்லியிருந்தாள். சொன்னபடியே மெல்ல மெல்ல நெருங்கி, கடைசி அட்டையில் ஒரே ஓட்டை. கோச் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பேரல் வாபஸ் ஆகயா, மேடம்!" போன பேரல் திரும்பி வந்துவிட்டதாம்.

வீட்டுக்கு வந்ததும் என் கை பரபரத்தது. ஈரக்காற்று. ஒரே ஒரு துணி விடலாமா?

"நக்கோ! தொட்டா நாளைக்கு மறுபடி மொதல்லேர்ந்து படியணும்."

ராடு, துணி, பாட்டில் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி அவள் கைப்பையில்.

"டீம்ல வந்தா சாவி தரேன். வரலன்னா அது தேவையேயில்ல, துப்பாக்கிய வித்துடலாம்."

சிரிக்காமல் சொன்னாள்.

ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம், காற்று. தேர்வுக்கு நான் வர வேண்டாமாம். "நீங்க பின்னால மூச்சு விடறது எனக்குக் கேக்குது."

சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். போட்டதற்கே மறுபடி போட்டேன். நிலா வைத்த சாம்பாரில் உப்பு இல்லை, இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை.

சாயங்காலம் கார் சத்தம். ப. ஷூவைக் கழற்றினாள். பெட்டியைத் திறந்தாள். போல்ட்டை எடுத்துப் போய் உள்ளறையில் வைத்தாள். கண்ணால் பார்த்தாள். விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். துப்பாக்கியை மேஜைமேல் கிடத்தி, பக்கத்தில் சாவியை வைத்தாள்.

"மெதுவா பண்ணுங்க. பேரல் நேஷனல்ஸ் வரைக்கும் வரணும்."